கழுத்தைத் தேய்க்காதீர்கள்!

இன்சுலின், தைராய்டு, நோய் எதிர்ப்பு மண்டலம்... உள்ளே நடக்கும் கோளாறுகள் தோலில்தான் முதலில் தலைகாட்டுகின்றன. நாமோ கிரீம் தேடி ஓடுகிறோம்.

"கழுத்தைப் பாரு, எவ்ளோ அழுக்கு! ஒழுங்கா தேய்ச்சுக் குளிடி" என்ற அதட்டல் கேட்காத வீடு நம் ஊரில் குறைவு. முதலில் பீர்க்கங்காய் நார். அப்புறம் கடலை மாவும் எலுமிச்சைத் தோலும். பிறகு யாரோ ரீல்ஸில் சொன்ன உருளைக்கிழங்குச் சாறு. கல்யாணம் நெருங்கினால் பியூட்டி பார்லரில் பிளீச். பெண்ணின் கழுத்து சிவந்து எரிகிறதே தவிர, பிடரியில் இருக்கும் கறுப்பு இம்மியும் நகர்வதில்லை. அழுக்காக இருந்தால்தானே போவதற்கு?

பிடரி, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோல் தடித்து, வரிவரியாகக் கறுப்பதற்கு மருத்துவத்தில் 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்று பெயர். பெயர்தான் வாயில் நுழையாது, நடப்பது எளிமையானது. சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையைத் தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் சேர்க்கும் வேலை இன்சுலினுடையது. உடம்பு அந்த இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காமல் போனால், கதவு திறக்காத வீட்டில் இன்னும் பலமாகத் தட்டுவதுபோல, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து தள்ளும். ரத்தச் சர்க்கரை கொஞ்ச காலம் கட்டுக்குள்தான் நிற்கும். ஆனால், தேவைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும் இன்சுலின், தோல் செல்களில் உள்ள வளர்ச்சிக்கான ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. 'வளரு, பெருகு' என்ற கட்டளை அந்தச் செல்களுக்குப் போகிறது. தோல் தடிக்கிறது, மடிகிறது, கறுக்கிறது.

லேப் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வரும் நாளிலேயே கழுத்து பேச ஆரம்பித்துவிடுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி, அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நாடு முழுவதும் நடத்தி, 2023 இல் வெளியான ஆய்வின் கணக்கு இது. அந்த 13.6 கோடிப் பேரில் பெரும்பாலோருக்குத் தங்கள் நிலைமை தெரியாது. ஊசி குத்தாமல், பைசா செலவில்லாமல் சந்தேகப்பட ஓர் இடம் இருக்கிறது என்றால், அது காலருக்கு மேலே இருக்கும் அந்தக் கறுப்புப் பட்டைதான்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சில பகுதிப் பள்ளிகளில் கண், காது சோதிக்கும்போதே மாணவர்களின் கழுத்தையும் பார்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கறுப்பு தெரிந்தால் பெற்றோருக்குக் கடிதம் போகும். நம் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வருகிறது. பல்லைப் பார்க்கிறார்கள், கண்ணைப் பார்க்கிறார்கள், எடை எடுக்கிறார்கள். கூடவே காலரைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்க எத்தனை விநாடி ஆகும்?

இதற்கு மருந்து பெரும்பாலும் கிரீம் டப்பாவில் இல்லை. எடை குறைந்து, நடை கூடி, இன்சுலின் அளவு இறங்கினால் கறுப்பும் மெல்ல மெல்ல மங்கும். மாதக்கணக்கில் ஆகும், ஆனால், மங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: வயதானவருக்கு, எடை குறைந்துகொண்டே வரும்போது, திடீரென்று உள்ளங்கையிலும் வாயிலும்கூட இப்படித் தடிப்பு பரவினால் அது அரிதாக வயிற்றுப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். தாமதிக்கக் கூடாது.

தாடையில் பரு, கன்னத்தில் மங்கு

கழுத்துக் கறுப்போடு தாடை ஓரத்தில் பருக்களும், மேல் உதட்டிலும் முகவாயிலும் தடித்த ரோமமும், உச்சந்தலையில் முடி இளைப்பும், தள்ளித் தள்ளிப் போகும் மாதவிடாயும் சேர்ந்தால், டாக்டர் மனதில் முதலில் வருவது பி.சி.ஓ.எஸ். 1935 இல் சிகாகோவின் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களை வைத்து இதை எழுதினார்கள். இன்று உலகில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருப்பதாகச் சொல்லப்படுகிறது. 'நீர்க்கட்டி' என்று நாம் சொல்லிச் சொல்லி, கோளாறு முழுக்க சினைப்பையில் இருப்பதாக ஒரு நினைப்பு வந்துவிட்டது. இங்கேயும் பின்னால் நின்று ஆட்டுவது பல பேருக்கு அதே இன்சுலின்தான். அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. கல்லீரலில் அந்த ஹார்மோனைக் கட்டி வைக்கும் புரதத்தையும் குறைத்துவிடுகிறது. கட்டு அவிழ்ந்த ஆண் ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பியையும் ரோமக் காலையும் போய்த் தொடுகிறது.

இருபத்தைந்து வயதுக்குப் பிறகும் தாடை ஓரத்தில் விடாமல் பரு வரும் பெண்ணிடம், "எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைம்மா" என்று சொல்லி அனுப்புவதைவிட, "பீரியட்ஸ் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருது?" என்று ஒரு கேள்வி கேட்பது பயனுள்ளது. ஸ்கேனில் கட்டி தெரிந்தால் மட்டும் பி.சி.ஓ.எஸ். ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது 2003 இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல்.

கன்னத்தில் வரும் மங்கு வேறு கதை. கர்ப்ப காலத்தில் உயரும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் நிறமிச் செல்களைத் தூண்டிவிடுகின்றன. மேலே வெயில் படுகிறது. இரண்டு கன்னத்திலும் பழுப்புத் திட்டு. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் வரலாம். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தானாக மங்கும், பலருக்கு மங்காது. பிரசவமான மூன்று மாதம் கழித்துச் சீப்பு நிறைய வரும் முடிக்கும் இறங்கிப்போன ஈஸ்ட்ரோஜன்தான் காரணம். அது திரும்ப முளைக்கும். இளம் தாய்மார்கள் அதற்காக அழ வேண்டாம். மங்குக்குப் பூசும் கிரீமைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பிறகு வருகிறேன்.

பட்டாம்பூச்சி வடிவச் சுரப்பி

'தோல் வறண்டு போச்சு, வயசாயிடுச்சு' என்று தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டே பத்து வருடம் ஓட்டியவர்கள் நம் வீடுகளிலேயே இருப்பார்கள். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் குறைந்து தோல் காய்ந்துபோகும். மற்றவர்கள் ஃபேன் போடச் சொல்லும்போது இவர்கள் போர்வை தேடுவார்கள். முடி சொரசொரவென்று ஆகி உதிரும். புருவத்தின் வெளி ஓரம் மெலிந்துபோகும். கண்ணைச் சுற்றி ஊதும். கேரட்டில் இருக்கும் மஞ்சள் நிறமியைக் கல்லீரல் வைட்டமின் ஏ ஆக மாற்றுவது மந்தமாவதால், உள்ளங்கை லேசாக மஞ்சளடிக்கும். மஞ்சள் காமாலையோ என்று பயப்படுவார்கள், ஆனால் கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். ஹார்மோன் கூடினால் எல்லாம் தலைகீழ்: தோல் வெதுவெதுப்பாக, எப்போதும் ஈரமாக, கை நடுங்க, தூக்கம் வராமல்.

தைராய்டு குறைவதற்குப் பெரும்பாலான நேரம் காரணம், நம் உடம்பைக் காக்க வேண்டிய படை அதே உடம்பின் சுரப்பியைத் தாக்குவது. 1912 இல் ஜப்பானின் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற இளம் அறுவை மருத்துவர், வீங்கிய தைராய்டை நீக்கிய நான்கு பெண்களின் திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அதற்குள் வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாகப் புகுந்திருந்ததை ஒரு ஜெர்மன் இதழில் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பிப் பொது மருத்துவராகக் காலம் தள்ளி 1934 இல் டைஃபாய்டில் இறந்துபோனார். அந்த நோயாளிகளின் ரத்தத்தில் சொந்தத் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பது 1956 இல்தான் லண்டனில் தெரிந்தது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்களின் மருத்துவக் குறிப்பில் அவர் பெயர் இருக்கிறது.

இடையில் ஒரு விஷயம். முடி கொட்டுகிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் பயோட்டின் மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் இன்று ஏராளம். அதே ஆள் டாக்டர் சொன்னாரென்று தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். டெஸ்டுக்கும் போகிறார். சில லேப் முறைகளில் அதிக டோஸ் பயோட்டின் முடிவையே புரட்டிப்போடும். குறைவாக இருக்கும் தைராய்டை நார்மலாகவோ மிகுதியாகவோ காட்டிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 இல் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.

சொந்தப் படையின் தாக்குதல்

ஒரு சுரப்பியைத் தாக்கப் பழகிய எதிர்ப்பு மண்டலம் அதோடு நிற்பதில்லை. வெண்புள்ளி இருப்பவர்களுக்குத் தைராய்டு கோளாறு மற்றவர்களைவிட அதிகம் வருவதற்கு அதுதான் காரணம். டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் நிறமி தயாரிக்கும் செல்களைத் தேடி அழிக்கின்றன. அந்த இடம் வெளுக்கிறது. தொட்டால் ஒட்டாது. குஷ்டத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. குஷ்டத் திட்டில் உணர்ச்சி குறையும், வெண்புள்ளியில் ஊசி குத்தினால் நன்றாக வலிக்கும். இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தும், வரன் பார்க்கும் இடத்தில் இன்னும் முழங்கை வரை ஜாக்கெட் போட்டு மறைக்கிறார்கள். மலையாளத்திலும் தமிழிலும் நடித்த மம்தா மோகன்தாஸ் 2023 தொடக்கத்தில் தன் வெண்புள்ளியைத் தானே படம் எடுத்து வெளியிட்டபோது பலருக்கு மூச்சு வந்திருக்கும்.

புழுவெட்டும் இதே வகைதான். மீசையிலோ தலையிலோ ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழவென்று முடி போய்விடும். பெயர்தான் புழுவெட்டு, அங்கே எந்தப் புழுவும் இல்லை. ரோமக் காலைச் சொந்த டி செல்கள் சூழ்ந்துகொள்கின்றன. சின்ன வெங்காயம் தேய்த்துச் சரியானதாகச் சொல்பவர்களிடம் சண்டை போடத் தேவையில்லை. சிறு திட்டுகள் பல, ஒன்றும் தேய்க்காமலே ஒரு வருடத்துக்குள் முளைத்துவிடும். தலை முழுக்கப் பரவும்போதுதான் வெங்காயத்தின் சாயம் வெளுக்கிறது. ஆறு வாரத்துக்கு மேல் தினமும் வந்து போகும் காணாக்கடியிலும், எந்தப் பூச்சியையும் எந்தக் கத்தரிக்காயையும் குற்றம் சொல்ல முடியாத பலருக்கு, காரணம் எதிர்ப்பு மண்டலத்தில்தான் இருக்கிறது.

சோரியாசிஸைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது வெள்ளிச் செதில் உதிர்வது மட்டும். ஊருக்குத் தெரியாதது மூட்டு. காலையில் எழுந்ததும் விரல் மடங்க மறுப்பது, குதிகால் வலி, ஒரு விரல் மட்டும் கொழுக்கட்டையாக வீங்குவது. சோரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானோருக்கு இந்த மூட்டுவாதம் வருகிறது. இதய நோய், சர்க்கரை, மன அழுத்தம் ஆகியவையும் கூடுதல். தோல் டாக்டரிடம் மூட்டு வலியைச் சொல்லாமலும், எலும்பு டாக்டரிடம் தலையில் உதிரும் செதிலைச் சொல்லாமலும் இரண்டு வரிசையில் நின்றே பல வருடம் கழித்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் சொன்னால் போதும், நோய் பிடிபட்டுவிடும்.

இந்த வரிசையில் நான் மிகவும் அஞ்சுவது லூபஸ். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பிள்ளை பெறும் வயதில். வெயிலில் போய்வந்தால் இரண்டு கன்னமும் மூக்குத் தண்டும் சேர்ந்து சிவக்கும்; மூக்கின் ஓர மடிப்பில் மட்டும் சிவப்பு இருக்காது. கூடவே ஓயாத அசதி, மூட்டு வலி, வாயில் வலிக்காத புண், விட்டு விட்டுக் காய்ச்சல். சிவப்பைப் பார்த்து ஒருவர் அலர்ஜி என்பார், அசதியைப் பார்த்து இன்னொருவர் ரத்தச்சோகை என்பார். இதற்கிடையில் சத்தமே இல்லாமல் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய சாதாரண டெஸ்ட். கன்னச் சிவப்போடு வரும் இளம் பெண்ணுக்கு அதைச் செய்யாமல் கிரீம் எழுதுவதை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

லூபஸுக்கு அடிப்படை மருந்து ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மலேரியாவுக்காக வந்த பழைய மாத்திரை. நோய் மறுபடி தலைதூக்குவதைக் குறைக்கிறது, சிறுநீரகத்தைக் காக்கிறது, கர்ப்ப காலத்திலும் தொடரலாம்; நீண்ட காலம் எடுப்பவர்கள் விழித்திரையை மட்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு இதுதான் அருமருந்து என்று உலகமே கிளம்பியதும் கடைகளில் மாத்திரை மறைந்துபோனது. கொரோனாவை அது தடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்குள், அந்த மாத்திரையை நம்பியே நாளை ஓட்டும் லூபஸ் பெண்கள் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தார்கள்.

ஏன் பெண்களுக்கே?

தன் உடம்பையே தாக்கும் இந்த நோய்கள் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் பெண்கள். ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பு மண்டலத்தை முடுக்கிவிடுகிறது என்பது நீண்ட நாளாகத் தெரியும். கிருமியை எதிர்ப்பதில் பெண்ணுடல் கெட்டி. அதற்கான விலை இது என்று ஒரு விளக்கம் உண்டு. 2024 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு சாங்கின் குழு இன்னொரு காரணத்தைக் காட்டியது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஒன்று போதும் என்பதால் மற்றதை 'எக்சிஸ்ட்' என்ற ஆர்.என்.ஏ. போர்த்தி மூடி, செயலற்றதாக்குகிறது. அப்படி மூடும்போது அதில் ஏராளமான புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. செல் இறந்து சிதறும்போது அந்தப் புரதக் கூட்டத்தைப் பார்த்து எதிர்ப்பு மண்டலம் மிரள்கிறது. எக்சிஸ்ட்டை ஆண் எலிகளுக்குள் செயற்கையாக இயங்க வைத்து, நோயைத் தூண்டும் ரசாயனத்தையும் கொடுத்தபோது, ஏற்கெனவே நோய்க்கு இளகிய இன எலிகளில் ஆணுக்கும் பெண்ணளவுக்கு லூபஸ் போன்ற நோய் வந்தது. ஹார்மோன் மட்டுமே காரணமில்லை என்று ஆகிவிட்டது.

கர்ப்பம் இதில் வேடிக்கையான இடம். முடக்குவாதம் பல பெண்களுக்குக் கர்ப்பத்தில் தணியும், பிரசவமானதும் திரும்பும். லூபஸ் சிலருக்குக் கர்ப்பத்திலேயே சீறும். அதனால்தான் நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும்போது கருத்தரிக்கச் சொல்கிறார்கள். இந்தத் தணிவைக் கவனித்த ஒரு டாக்டரிடமிருந்துதான் இன்று நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் கிரீம் டியூப்பின் சரித்திரம் தொடங்குகிறது.

கென்னடியின் நிறம்

அதற்கு முன் இன்னொருவர். 1960 தேர்தல் பிரசாரத்தில் ஜான் எஃப். கென்னடியின் பழுப்பேறிய முகத்தைப் பார்த்து, கடற்கரை வெயிலில் விளையாடி வளர்ந்த ஆரோக்கியமான இளைஞர் என்று அமெரிக்கா நினைத்தது. 1947 இலேயே லண்டனில் அவருக்கு அடிசன் நோய் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி செத்துப்போய், கார்டிசால் ஹார்மோன் வராமல் போகும் நோய். கார்டிசால் வரவில்லையே என்று மூளையடிச் சுரப்பி கட்டளை ஹார்மோனை அள்ளி விடும். அதே மூலப் புரதத்திலிருந்து நிறமியைத் தூண்டும் ஹார்மோனும் உடைந்து வருவதால் தோல் கறுக்கும். உள்ளங்கை ரேகையும் ஈறும் பழைய தழும்பும்கூட. 1855 இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் எழுதிய காலத்தில் முக்கியக் காரணம் காசநோய். நம் நாட்டில் இன்றும் அதுவும் ஒரு காரணம். கென்னடிக்குத் தைராய்டும் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, அவருக்கு இருந்தது பல சுரப்பிகளை ஒன்றாகத் தாக்கும் எதிர்ப்பு மண்டலக் கோளாறு என்று 2009 இல் ஒரு மருத்துவக் கட்டுரை வாதிட்டது. பிரசாரக் குழு கடைசி வரை மறுத்துக்கொண்டே இருந்தது. அவரை உயிரோடு வைத்திருந்தது ஸ்டீராய்டு.

மினசோட்டாவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், கர்ப்பத்திலும் மஞ்சள் காமாலையிலும் முடக்குவாதம் தணிவதைப் பார்த்து, உடம்பிலேயே ஏதோ ஒரு பொருள் அழற்சியை அடக்குகிறது என்று இருபது வருடம் நம்பிக்கொண்டிருந்தார். 1948 செப்டம்பரில் படுக்கையிலிருந்து எழ முடியாத ஓர் இளம் பெண்ணுக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாளில் அவர் நடந்தார். 1950 இல் நோபல் பரிசு. 1952 இல் அதே குடும்பத்து ஹைட்ரோகார்டிசோன் தோலில் பூசும் மருந்தாக வந்தது. எக்ஸிமாவுக்கும் சோரியாசிஸுக்கும் அதுவரை தார் பூசிக்கொண்டிருந்த உலகத்துக்கு அது வரம்தான். இன்றும் சரியான இடத்தில், சரியான வீரியத்தில், சரியான நாள் கணக்கில் அதற்கு மாற்று குறைவு.

நம் ஊரில் கணக்குதான் இல்லை.

"அண்ணே, முகத்துக்கு ஏதாச்சும் நல்ல கிரீம் குடுங்க" என்று கேட்டால் கிடைக்கும் டியூப்பில் இருப்பது பெரும்பாலும் அட்ரீனல் ஹார்மோனின் வீரியம் கூட்டிய உறவுக்காரர்: பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால். இதில் குளோபெட்டசால், சாதாரண ஹைட்ரோகார்டிசோனைப்போல் பல நூறு மடங்கு வீரியம் கொண்டது. பூசிய மூன்றாம் நாள் முகம் பளிச்சென்று இருக்கும்; நிறமும் கூடும். அந்தப் பளிச்சுக்குக் காரணம் எதிர்ப்பு மண்டலம் ஒடுங்குவதும் ரத்தக் குழாய் சுருங்குவதும். மாதங்கள் போனால் தோல் காகிதமாக மெலியும், சிவப்பு நரம்பு தெரியும், பரு கொப்பளிக்கும், ரோமம் முளைக்கும். நிறுத்தினால் முகம் தீயாக எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே பூசுவார்கள். மங்குக்கு டாக்டர் எட்டு வாரத்துக்கு என்று எழுதிய ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், மொமெட்டசோன் கலவை, கல்யாணப் பெண்ணின் ஃபேஸ் கிரீமாகி, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் போய், எட்டு வருடமாக ஓடும்.

12 இந்திய மருத்துவ மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011 இல் ஒரு கட்டுரை வெளியானது. 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அதன் பாதிப்பு இருந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைச் சொன்னவர் டாக்டரே இல்லை. தோல் மருத்துவர் சங்கம் பல வருடம் குரல்கொடுத்த பிறகு, 2018 இல் 14 வகைப் பூச்சு ஸ்டீராய்டுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. சட்டம் வந்தது, கவுன்டர் மாறவில்லை.

படர்தாமரைக்கு ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்த டியூப் விற்றுத் தீர்ந்ததன் பலனையும் அனுபவித்துவருகிறோம். அரிப்பு உடனே நிற்கும், பூஞ்சை சாகாது. வழக்கமான மாத்திரைக்கு அடங்காத புதிய பூஞ்சை வகை நம் நாட்டில் பரவியதற்கு இந்தக் கலவை டியூப்களும் ஒரு காரணம் என்பது தோல் மருத்துவர்களின் கணிப்பு. அந்தப் பூஞ்சையின் அறிவியல் பெயரிலேயே இந்தியா இருக்கிறது. 2023 இல் அது நியூயார்க் வரை போய்ச் சேர்ந்ததைச் செய்தியாகப் பார்த்தோம். குழந்தையின் டயாபர் புண்ணுக்கு வீரிய ஸ்டீராய்டு பூசி, அது தோல் வழியே உள்ளே போய், குழந்தையின் முகம் உருண்டையாகி, சொந்த அட்ரீனலே தூங்கிவிட்ட சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

வெளியிலிருந்து உள்ளே போய் எதிர்ப்பு மண்டலத்தையே குழப்பிய கதை ஒன்று நம் பக்கத்து ஊரிலேயே நடந்தது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில், சிறுநீரகச் சல்லடையில் ஆன்டிபாடி படிந்து புரதம் ஒழுகும் நோயோடு 22 பேர் வந்தார்கள். 15 பேருக்கு அரிதான ஒரே வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீம்களில் பாதரசம் இருந்தது. கால் வீங்கி வந்தவர்களிடம் அந்த டாக்டர்கள் முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டதால்தான் இது வெளியே வந்தது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினார்கள்.

யார், எங்கே, எதை?

இவ்வளவையும் படித்துவிட்டு, ஒரு பரு வந்ததற்கு 'ஃபுல் ஹார்மோன் பேக்கேஜ்' எடுக்க ஓடாதீர்கள். பதினாறு வயதுப் பரு பெரும்பாலும் பதினாறு வயதுதான். லூபஸுக்காக எடுக்கும் ஏ.என்.ஏ. டெஸ்டும் அப்படித்தான், நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களில் சிலருக்கும் பாசிட்டிவ் வரும். அறிகுறி இல்லாமல் அதை எடுத்தால் மிச்சம் தூக்கமின்மை மட்டுமே. கழுத்துக் கறுப்புக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்.பி.ஏ.1.சி.யும், இடுப்புச் சுற்றளவும். வறட்சியும் அசதியும் சேர்ந்தால் டி.எஸ்.ஹெச். வெண்புள்ளிக்கும் அதுவே. வெயிலில் சிவக்கும் கன்னத்தோடு மூட்டு வலியும் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனையும், பொது மருத்துவரோ மூட்டுவாத நிபுணரோ எழுதித் தரும் ஆன்டிபாடி டெஸ்டுகளும். இவை எல்லாவற்றையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே பார்த்துக்கொள்ளலாம். அங்கே தோல் பிரிவும் பொது மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது பெரிய வசதி.

சிகிச்சையும் நகர்ந்திருக்கிறது. சோரியாசிஸுக்கு 2013 இல் பெங்களூரு நிறுவனம் ஒன்று ஓர் உயிரியல் ஊசி மருந்தைக் கொண்டுவந்தது. டி செல்களுக்குள் போகும் கட்டளையை அடைக்கும் 'ஜாக்' தடுப்பு மருந்துகளில், பாரிசிடினிப் 2022 ஜூனில் கடுமையான புழுவெட்டுக்கும், ருக்ஸோலிடினிப் கிரீம் அதே ஜூலையில் வெண்புள்ளிக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஒன்று, இவை மலிவல்ல. இரண்டு, ஊசியோ மாத்திரையோ எதிர்ப்பு மண்டலத்தின் கையைக் கட்டினால், உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளலாம். நம் நாட்டில் காசநோய்ப் பரிசோதனை இல்லாமல் இவற்றைத் தொடங்கக் கூடாது. யூடியூப் பார்த்து ஆன்லைனில் வரவழைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியவர்கள் ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது. தூங்கிப்போன அட்ரீனல் எழுந்திருக்க நேரம் வேண்டும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். சோரியாசிஸ்காரர்களுக்கு அது உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமாகவும் வெடிக்கும். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் 'மூட்டுவலிப் பொடி'யில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அதனால், பொடி சாப்பிட்டவர்களும் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் போகும் அன்று முகத்தில் எதையும் பூசாமல் போங்கள். வீட்டில் உள்ள டியூப், டப்பா, பொட்டலம் எல்லாவற்றையும், தீர்ந்துபோனவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். லேபிளின் இடது ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருந்துச்சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து. எத்தனை மாதம் பூசினோம் என்பதை மட்டும் வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். எதை நிறுத்துவது, எதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, எந்த டெஸ்ட் எழுதுவது என்பதையெல்லாம் டாக்டர் அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவுசெய்வார்.